வயிற்றுவலி என்று எழுதியிருந்தது

காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்து டீக்கடையில் பேப்பர் பிரிக்கிற எல்லோருக்கும் அந்த வரி பழக்கம்தான். உள்ளூர்ப் பக்கத்தின் கீழ் மூலையில் நாலு வரித் தற்கொலைச் செய்தி. ஊர், வயது, "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர்", அப்புறம் "மனமுடைந்து", கடைசியில் "போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்". சின்ன வயதில் வயிற்றுவலி என்பது அவ்வளவு பயங்கரமான வியாதி என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். வயிறு வலித்தால் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

வளர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அது பெரும்பாலும் வீட்டார் காவல் நிலையத்தில் சொல்லும் காரணம். சில வீடுகளில் உண்மையாகவே வயிற்றுவலி இருந்திருக்கும். பல வீடுகளில் வெளியே சொல்ல முடியாத ஒன்றின் மேல் போர்த்திய துணி அது. வயிற்றுவலி இல்லாத நாளில் குடும்பத் தகராறு, கடன் தொல்லை, காதல் தோல்வி, பரீட்சையில் பெயில் என்று வேறு துணிகள். எல்லாமே ஒற்றைக் காரணங்கள். ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஆனால் கடன் இல்லாத தெரு கடலூரில் எங்கே இருக்கிறது? தகராறு இல்லாத குடும்பம் புதுச்சேரியில் எத்தனை? கடன் வாங்கியவர்கள் எல்லோரும் சாக நினைப்பதில்லை. பெயிலான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் அழுதுவிட்டு அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டுகிறார்கள். அப்படியானால் கடனுக்கும் "செத்துப்போகலாம்" என்ற எண்ணத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடக்கிறது. அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அத்தனை பிள்ளைகளோடு இருந்திருக்கிறோமே என்ற உறுத்தலில், ஓய்வுபெற்ற பிறகு படிக்கத் தொடங்கியவன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த எண்ணம் இப்போது உங்களுக்கே இருந்து, அதனால்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம். 14416 என்ற எண்ணுக்கு இப்போதே போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசு நடத்துவது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

சரி, எவ்வளவு பெரிய விஷயம் இது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். ஒரு லட்சம் மக்களுக்கு 12.4 பேர். தமிழ்நாட்டில் அதுவே 25.9. புதுச்சேரியில் 29.7, அதாவது நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த எண்களை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்களுக்கு மனத்திடம் குறைவு என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். சாவைப் பதிவு செய்வதே ஒழுங்காக நடக்காத இடங்களில் எண்ணிக்கை தானாகவே குறைந்து தெரியும். ஆனாலும் 29.7 என்பது கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகக்கூடிய எண் இல்லை. அதே அறிக்கையில் காரணங்களின் பட்டியலும் இருக்கிறது. குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். நம் "வயிற்றுவலி" எந்தக் கட்டத்தில் போய் விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நடுப்பகுதிக்கு வருவோம்.

சோகமும் விரக்தியும் ஒன்று என்றுதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் வேறு. சோகம் போனதைப் பார்த்து வருவது. அதற்கு ஆளோ பொருளோ இருக்கும். அழுதால் கொஞ்சம் இறங்கும். விரக்தி வரப்போவதைப் பார்த்து வருவது. சரியாகச் சொன்னால், வரப்போவது என்று ஒன்றுமே கண்ணில் படாதபோது வருவது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்தில் என் பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர் முந்திரி, ஓரத்தில் பலா. அவருடைய அப்பா வைத்த மரங்கள். மூன்றாம் நாள் நான் போனபோது வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. நடுவில் எதுவுமே நிற்கவில்லை. பெரியப்பா அழவில்லை. நிவாரணக் கணக்கெடுக்க வந்தவரிடம் மரத்தின் எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார். நான் கிளம்பும்போது, "இனிமே வெச்சு எப்படா காய்க்கிறது" என்றார். நானும் ஆறுதலாக, "ஒட்டுக்கன்று வெச்சா மூணு நாலு வருஷத்துல காய்க்குமாம் பெரியப்பா" என்றேன். சரியான தகவல்தான். ஆனால் அவர் கேட்டது தகவல் இல்லை. நல்ல மகசூலுக்குப் பத்து வருடம், அப்போது தனக்கு என்ன வயது என்ற கணக்கு அவரிடம் ஏற்கெனவே முடிந்திருந்தது. மரம் போனது நஷ்டம். பத்து வருடம் கழித்துத் தன்னை அந்தக் கொல்லையில் வைத்துப் பார்க்க முடியாமல் போனது வேறு. அதன் பெயர்தான் விரக்தி.

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை அளந்தே பார்த்தார். 1974-இல் நம்பிக்கையின்மையை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார். மருத்துவமனையில் இருந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், ஒருவர் எவ்வளவு சோர்ந்திருக்கிறார் என்பதைவிட எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு நம்பிக்கை இழந்திருக்கிறார் என்பதே அபாயத்தை நன்றாகக் காட்டியது. ஆண்ட்ரூ மெக்லியோட் என்ற ஆய்வாளர் பிற்பாடு செய்த சோதனைகள் இன்னும் நுணுக்கமானவை. அடுத்த வாரம், அடுத்த வருடம் என்னென்ன நடக்கலாம் என்று சொல்லச் சொன்னார். தற்கொலை எண்ணத்தில் இருந்தவர்கள் கெட்டதை மற்றவர்களைவிட அதிகமாக எதிர்பார்க்கவில்லை. நல்லது என்று சொல்லத்தான் மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தது. "தம்பி கல்யாணம் வருது", "ஞாயித்துக்கிழமை மீன் வாங்கணும்" போன்ற சில்லறை எதிர்பார்ப்புகள்கூட அதிகம் வரவில்லை. எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. முன்னாடி பயம் நிற்கும் என்று நினைத்திருந்தேன். வெறுமைதான் நின்றிருக்கிறது.

இந்த வெறுமையோடு வலியும் சேர வேண்டும். எட்வின் ஷ்நைட்மன் என்பவர் 1958-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கியவர்களில் ஒருவர். வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தற்கொலையை நினைக்கிறவர் சாவைத் தேடவில்லை, தாங்க முடியாத மனவலி நிற்பதைத் தேடுகிறார். வலி நிற்க வேறு வழி தெரியாததால் இது ஒன்றுதான் வழி என்று படுகிறது. இப்படிப் பார்த்தால் "கோழைத்தனமா, வீரமா" என்று டீக்கடையில் நடக்கும் விவாதத்துக்கு அர்த்தமே இல்லை. பல்வலி தாங்காமல் துடிக்கிறவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை.

ஷ்நைட்மன் சொன்ன இன்னொரு விஷயம், மனம் குறுகுவது. வலி ஏற ஏறப் பார்வை சுருங்குகிறது. இதை விளக்க எனக்கு என் சொந்தக் கதைதான் வருகிறது. ஆறு வயதில் தேவனாம்பட்டினத்துக்கு மாசி மகம் பார்க்க அப்பா கூட்டிப்போனார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் கூட்டம். அப்பாவின் கை நழுவிவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்புகள், ஈர வேட்டி, யாரோ கையில் தொங்கிய தூக்குவாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடுப்பு. கடல் இருபது அடியில் இருந்திருக்கிறது, அப்பா அதைவிடக் கிட்டே. பலூன் விற்கிற ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். கடல் தெரிந்தது, வானம் தெரிந்தது, அப்பாவின் புது மொட்டை தெரிந்தது. கூட்டம் கொஞ்சமும் கலையவில்லை. நான் பார்த்த உயரம்தான் மாறியது.

மனம் குறுகும்போது நினைவும் குறுகுகிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1986-இல் மார்க் வில்லியம்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் செய்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதை ஒட்டி நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். "மகிழ்ச்சி" என்றால் நீங்களும் நானும் "போன தீபாவளிக்கு அக்கா வந்தப்ப" என்று ஒரு நாளைச் சொல்லிவிடுவோம். அவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. "சின்ன வயசுல நல்லா இருந்தேன்" என்பது போலப் பல சமயம் பொத்தாம்பொதுவாகவே நின்றார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பெரியது. ஒரு சிக்கலிலிருந்து வெளியே வர, முன்பு எப்படி வந்தோம் என்ற குறிப்பான நினைவு வேண்டும். "அப்போ மாமாகிட்ட கேட்டோம், தவணை வாங்கிக் கொடுத்தார்" என்பது ஞாபகம் வந்தால்தான் இப்போதும் மாமாவிடம் போகத் தோன்றும். அந்தக் கதவே திறக்காதபோது, "உனக்கு எத்தனை பேர் இருக்காங்க, யோசிச்சுப் பாரு" என்று நாம் சொல்வது, கை கட்டப்பட்டவரிடம் நீந்தச் சொல்வது மாதிரி.

அடுத்து பாரம். இந்தச் சொல்லைத் தமிழில் நாம் எவ்வளவு சர்வசாதாரணமாகச் சொல்கிறோம்! "யாருக்கும் பாரமா இல்லாம போய்ச் சேரணும்" என்று சொல்லாத பாட்டி உண்டா? தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005-இல் முன்வைத்த விளக்கத்தில் இது ஒரு தூண். நான் யாரோடும் ஒட்டவில்லை என்ற தனிமையும், நான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணமும் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டும் மாறவே மாறாது என்றும் படும்போது சாகும் விருப்பம் உண்டாகிறது என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார். விருப்பம் மட்டும் ஒருவரைச் செயலுக்குக் கொண்டுபோவதில்லை. உயிர் இயல்பாகவே சாவுக்குப் பயப்படும். அந்தப் பயம் மழுங்கிப்போனால்தான் ஆபத்து. அதனால்தான் எண்ணம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முயல்வதில்லை.

புதுச்சேரியில் மூடிப்போன ஒரு ஆலையில் வேலை பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். லே ஆஃப், லே ஆஃப் என்று இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வேலை இல்லை என்று ஆன பிறகும், பல மாதம் முதல் ஷிப்டு நேரத்துக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார். தாவரவியல் பூங்காவில் ஒரு மரத்தடி. மூன்றரை மணிக்கு வீடு. பின்னாளில் அவரே சொன்னார், அந்த மரத்தடியில் தினமும் ஒரு கணக்குப் போடுவாராம். அரிசி இவ்வளவு, கரண்ட் பில் இவ்வளவு, பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் இவ்வளவு. எல்லாக் கணக்கிலும் தன்னைச் செலவுப் பக்கத்திலேயே எழுதினாராம். "நான் ஒருத்தன் கழிஞ்சா ஒரு சாப்பாடு மிச்சம்னு தோணும் சார்." இவருடைய மனைவியிடம் இருந்தது வேறு கணக்கு. "இவரு வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது." இரண்டு கணக்கும் ஒரே வீட்டில், ஒன்றுக்கொன்று தெரியாமல். பாரம் என்ற எண்ணம் பொய்க்கணக்கு, ஆனால் போடுகிறவருக்கு அது கூட்டல் கழித்தல் போல அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

இவை எல்லாம் ஒருவருடைய மண்டைக்குள் மட்டும் நடக்கிற விஷயம் என்றும் எண்ண வேண்டாம். எமில் துர்கைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1897-லேயே, தற்கொலை விகிதம் சமுதாயத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டிவிட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. மனிதரை மனிதரோடு கட்டும் கயிறு அறுந்தாலும் ஆபத்து, ஒருவரை மூச்சுத் திணறக் கட்டினாலும் ஆபத்து என்பது அவர் வாதம். நம் பக்கத்தில் இரண்டாவது கயிற்றின் பெயர் மானம். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற அந்த நாலு பேரை நான் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் அவர்கள் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நோயும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மனச்சோர்வு நோய், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய், மனச்சிதைவு, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, ஆறாத உடல்வலி எல்லாம் அபாயத்தைக் கூட்டுபவை. மனச்சோர்வு நோயில் தூக்கம், பசி, நினைவு, முடிவெடுக்கும் சக்தி எல்லாம் சேர்ந்து சரிகின்றன. "மனசைத் தேத்திக்கோ" என்றால் தேறுவதற்கு அந்த மனசு வேலை செய்ய வேண்டுமே. மருந்து உண்டு, பேசிக் குணப்படுத்தும் சிகிச்சை உண்டு. மருந்து பிடிக்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே "ஒண்ணும் கேட்கலை" என்று மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். ஆனால் இதைப் புரட்டிப்போட்டு, தற்கொலை எண்ணம் வந்தவர்கள் எல்லோரும் மனநோயாளிகள் என்றும் சொல்ல முடியாது. சாதாரணமாக இருந்த ஒருவரையும் ஒரே இரவின் அவமானம் அந்த இடத்துக்குத் தள்ளிவிடும்.

அப்புறம் குடி. புதுச்சேரியைப் பற்றி எழுதிவிட்டு இதைத் தாண்டிப்போக முடியாது. கடலூர்க்காரர்கள் ஆற்றைத் தாண்டி எதற்குப் போகிறார்கள் என்று எல்லைச் செக்போஸ்டில் கேட்டால் சொல்வார்கள். குடி இரண்டு வேலை செய்கிறது. நாள்பட நாள்பட மனச்சோர்வை வளர்க்கிறது, வேலையை, உறவைக் கரைக்கிறது. அதைவிட உடனடி ஆபத்து, அந்த ஒரு ராத்திரியில் அது செய்வது. ஏற்கெனவே குறுகிய மனத்தை இன்னும் குறுக்கி, "பொறு, காலையில் பார்க்கலாம்" என்று சொல்லும் கையை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. மனது சரியில்லாத நாளில் குடிப்பது, வலிக்கு மருந்து என்று நினைத்து வலியையே குடிப்பது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் உங்களுக்கு நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: அந்த எண்ணம் ஏறும், இறங்கும். உச்சத்தில் அது நிரந்தரம் போலத் தெரியும், ஆனால் உச்சம் பல சமயம் மிகக் கொஞ்ச நேரமே நிற்கிறது. அந்த நேரத்திலும் சாக வேண்டும் என்பதும் வாழ வேண்டும் என்பதும் ஒரே மனத்துக்குள் இழுபறியில் இருக்கின்றன. ஒருமுறை முயன்று உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. "சாகணும்னு முடிவு பண்ணவனை யாரு தடுக்க முடியும்" என்பது நம் ஊர்ப் பேச்சு. பத்தில் ஒன்பது பேர் அதைப் பொய்யாக்கியிருக்கிறார்கள்.

இதற்குச் சாட்சி கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், பூ விளையும் கிராமங்களில், சென்னையின் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். வீட்டில் வைக்கும் பூச்சிமருந்தையெல்லாம் ஊர்ப் பொது இடத்தில், பேங்க் லாக்கர் மாதிரி பூட்டுப்பெட்டிகள் கட்டி அங்கே வைக்கச் சொன்னார்கள். வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். கடனைத் தீர்க்கவில்லை, குடும்பச் சண்டையை நிறுத்தவில்லை. வீட்டுக்கும் லாக்கருக்கும் நடுவே கொஞ்ச தூரம், கொஞ்ச நேரம், ஒரு மனித முகம் ஆகியவற்றை வைத்தார்கள். அந்த ஊர்களில் அப்படிப்பட்ட சாவுகளும் முயற்சிகளும் குறைந்தன. இலங்கையில் இதே வேலையை வேறு விதத்தில் நாடு முழுக்கச் செய்தார்கள். மிக நஞ்சான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததும், 1995 வாக்கில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த பத்து வருடத்தில் பாதியாகச் சரிந்தது.

தமிழ்நாட்டில் பெயிலான பிள்ளைகளுக்கு உடனடித் துணைத்தேர்வு வந்ததையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். முன்பெல்லாம் ஒரு பாடம் போனால் கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜுக்குப் போவதை ஒரு வருடம் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இப்போது சில வாரத்தில் எழுதி அதே வருடம் சேர்ந்துவிடலாம். பரீட்சை மாறவில்லை, மார்க் மாறவில்லை. முன்னாடி நின்ற சுவரில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது.

வீட்டில், தெருவில் நாம் என்ன செய்வது? முதலில் "சாகப் போறேன்னு சொல்றவன் சாக மாட்டான், குரைக்கிற நாய் கடிக்காது" என்பதை மறந்துவிடுங்கள். இறந்தவர்களில் பலர் அதற்கு முன்னால் யாரிடமாவது ஏதாவது விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். "எங்கேயாவது போயிடலாம்னு இருக்கு", "இன்னும் எத்தனை நாளைக்கு", "நான் இல்லாட்டா நீங்க நல்லா இருப்பீங்க" என்பவையெல்லாம் சொல்வதுதான். திடீரென்று பொருள்களைப் பிரித்துக் கொடுப்பது, வாங்கின சின்னக் கடனைத் தேடித்தேடித் தீர்ப்பது, நெடுநாள் கொந்தளிப்புக்குப் பிறகு சட்டென்று அமைதியாவது ஆகியவையும் சொல்வதே.

இரண்டாவது, நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஆலைக்காரர் விஷயத்தில் கேட்டவர் அவரைவிட வயதில் சின்னவர், பழைய சக தொழிலாளி. பூங்காவில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, டிபன் பாக்ஸோட இங்க?" என்றார். "சும்மாதான் தம்பி." சின்னவர் போய்விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. செத்துடலாம்னு ஏதும் தோணுதா?" என்றார். ஆலைக்காரர் பதிலே சொல்லவில்லையாம். டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை அவர் பக்கம் தள்ளினாராம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாய் திறந்தார். மறுநாள் இரண்டு பேருமாக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்க நின்றார்கள்.

"உனக்கு என்ன குறைச்சல்" என்று கேட்காதீர்கள். "பிள்ளைங்க முகத்தைப் பார்த்தாவது" என்று தொடங்குவதும் நல்ல எண்ணத்தில்தான், ஆனால் ஏற்கெனவே பாரம் என்று குன்றிப்போனவர் மேல் இன்னொரு மூட்டையை வைத்துவிடும். பேசுவதைவிடக் கேளுங்கள். யோசனை சொல்ல நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஆபத்து கிட்டே இருப்பதாகத் தோன்றினால் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவானாலும் வீட்டை விட்டு அகற்றி, இன்னொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் 108.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தற்கொலை என்ற நம் சொல்லிலேயே கொலை ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பயம் அதோடு வந்தது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. தயங்காமல் கூட்டிப்போங்கள்.

போனில் பேச 14416 என்று முன்பே சொன்னேன். தமிழ்நாட்டில் 104 உண்டு. சிநேகாவின் எண் 044-24640050. கூப்பிடுவதற்குப் பிரச்சினை பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. "எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்று தொடங்கினால் போதும், எதிர்முனையில் இருப்பவருக்கு அது நன்றாகப் பழகிய வாக்கியம்.

பெரியப்பா அந்தத் தை மாதம் முழுக்க யாரோடும் பேசவில்லை. பெரியம்மாதான் கவனித்தார். ராத்திரியில் பெரியப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனால் பெரியம்மாவும் பின்னாலேயே போய் நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், கையில் ஒரு டார்ச். சித்திரையில் மகன் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை ஒன்பது மாதம். கன்று வைத்தது அதற்கும் அடுத்த மழைக்கு. அதையும் வேண்டாம் வேண்டாம் என்றவரைக் குழி எண்ணச் சொல்லி உட்காரவைத்து நட்டார்கள். போன வைகாசியில் போயிருந்தேன். களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. மூட்டைக்கு வியாபாரி கேட்ட விலையைச் சொல்லி அரை மணி நேரம் திட்டினார். "இந்த விலைக்குக் கொடுக்கிறதுக்குப் பேசாம அடுத்த வருஷம் வரைக்கும் வெச்சிருப்பேன்டா" என்றார்.